விதை லாரி முதலில் வந்தது

மாவு லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
பாலம் என்பது பழக்கத்தில் வரும் சொல்.
இரண்டு தூண்களும்
அவற்றில் சிக்கிய யாரோ ஒருவரின் கட்டிலும்தான் மிச்சம்.
விதை லாரி சுற்றுவழியாக வந்துவிட்டது.

நான் கணக்கன்.
பிளான்டையரிலிருந்து பேரேடும் மைப்பெட்டியும்
கடன் வாங்கிய பூட்ஸுமாக
ஷீரே ஆற்றங்கரைக்கு வந்தவன்.
மேலிடத்துச் செய்தி: வந்ததைக் கொடு.

பள்ளிக்கூடத்தில் அறுபத்தொரு குடும்பங்கள்.
கரும்பலகையில் புயலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையின்
கழித்தல் கணக்கு அப்படியே இருக்கிறது.
கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில். விளக்கில்லை.
பெண்கள் நாலு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.
அதற்குப் பேரேட்டில் கட்டம் கிடையாது.

ஆளுக்கு ஐந்து கிலோ மக்காச்சோள விதை,
பூச்சிமருந்து பூசியது, இளஞ்சிவப்பு.
பையின்மேல் மண்டையோட்டுப் படம்.

முதலில் நின்றவள் எஸ்நாத்.
கட்டைவிரலை அழுத்தினாள், பையை இடுப்பில் ஏற்றினாள், போனாள்.
அடுத்தவள் லொஃபினா. கையை நீட்டவில்லை.

"மாவு?"
"வியாழக்கிழமை."
"அப்படியானால் இதையும் வியாழக்கிழமை கொடு."

ஈரம் காய்ந்துவிடும், இன்றே விதைக்க வேண்டும் என்றேன்,
கூட்டத்தில் எனக்குச் சொல்லப்பட்டதை.

"ஈரத்தை எனக்குச் சொல்லாதே.
என் நிலத்தின்மேல் முழங்கால் அளவு மணல்.
மண்வெட்டி கேட்டேன், சோப்பு வந்தது.
எனக்கு நாலு பிள்ளைகள்.
இந்தப் பை என் பாயருகே கிடந்தால்
இரவு இரண்டு மணிக்கு நான் யாராக இருப்பேன் என்று
எனக்குத் தெரியும்.
விதைக்கு வந்ததை உலையில் போட வைக்காதே.
நீ மூன்று வேளை சாப்பிடுகிறவன்,
உன் பக்கத்தில் அது பத்திரமாகத் தூங்கும்."

யாரும் கோஷம் போடவில்லை.
ஒருத்தி செருப்பை மாட்டினாள்.
ஒருத்தி முதுகுப் பிள்ளையை இறுக்கிக் கட்டினாள்.
வரிசை கலைந்தது.
காது கேளாத யோஹானி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்,
எச்சரிக்கை வண்டி ஒலிபெருக்கியோடு போன அன்றும்
இப்படித்தான் பார்த்திருப்பான்.
அவன் அக்கா வயிற்றைத் தொட்டாள், தரையைத் தொட்டாள்,
மூன்று விரல் காட்டினாள்.
அவனும் போனான்.

அறுபத்துநான்கு பைகளோடு படுத்தேன்.
மருந்து நெடி.
என்னிடமிருந்த பிஸ்கட் தொண்டையில் இறங்கவில்லை
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
இறங்கியது. நல்ல பசி.

காலையில் அடிகுழாய்க்குப் பின்னால்
இளஞ்சிவப்பாக ஒரு குட்டை.
ஏழெட்டுத் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும்,
ஓரத்தில் கிட்டத்தட்ட வெளுத்திருந்தது.
எஸ்நாத் காலால் அதன்மேல் மண் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சின்னவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள்.
இப்போது தூங்குகிறாள்."
நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

செவிலியைக் கூட்டிவரும் வழியெல்லாம்
என்ன சொல்வது என்று யோசித்தேன்.
செவிலி எதுவும் கேட்கவில்லை.
குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தாள்,
எஸ்நாத்தின் நகக்கண்களைப் பார்த்தாள்,
உப்புக் கரைசல் கலக்க உட்கார்ந்தாள்.

வியாழன் மாவு வரவில்லை.
வெள்ளியும்.
சனிக்கிழமை படகில் வந்தது, சொன்னதில் பாதி.

லொஃபினா மாவைத் தலையில் ஏற்றிய பிறகே
விதையைக் கையில் வாங்கினாள்.
குலுக்கிப் பார்த்தாள்.
"குறையவில்லை" என்றாள்.
நன்றியா கேலியா தெரியவில்லை.

கடைசியில் எஸ்நாத். மாவை வாங்கினாள்.
நகரவில்லை. கேட்கவும் இல்லை.
பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே
விதை பெற்றதற்குக் கட்டைவிரல் ரேகை,
மற்ற எல்லோருடையதையும்விடத் தெளிவாக.
குனிந்து இன்னொரு பையை எடுத்தேன்.

லாரியில் வந்தது அறுபத்தைந்து.
குடும்பங்கள் அறுபத்தொன்று.
மீதி மூன்று.

எழுதினேன்:
நனைந்து சேதம், ஒன்று.

அந்த வாரம் முழுக்க வெயில்.